கடலில் வெளியூரார் யார்?

“வெளியூரான்” என்ற சொல்லைப்போல் எளிதில் வாயில் வருவதும், பொருள் தேடப் புகுந்தால் கைக்குள் அகப்படாது நழுவுவதுமான சொல் நம் கடற்கரைகளில் வேறொன்று இல்லை. கல்முனையார் அச்சொல்லால் ஒருவரைச் சுட்டுவர். ஒலுவிலில் அதே சொல் கல்முனையாரைச் சுட்டும். முல்லைத்தீவில் நீர்கொழும்பாரையும் சிலாபத்தாரையும் சுட்டும். யாழ்ப்பாணக் கரைகளில் இராமேசுவரத்து விசைப்படகினரைச் சுட்டும். சுட்டப்படும் மனிதர் இடத்துக்கு இடம் மாறுகின்றனர். சுட்டும் விரலிலுள்ள கோபம் மட்டும் மாறுவதில்லை. அக்கோபத்தில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா.

முதலில் ஓர் உண்மையை மறவாதிருத்தல் வேண்டும். நம் தீவின் கடற்றொழில் இடம்பெயரும் தொழிலாகவே வளர்ந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அப்பொழுது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வந்து நிலைமையைத் தலைகீழாக்கும். ஆகவே மேற்குக் கரை மீனவர் வலையையும் சட்டிபானையையும் கட்டிக்கொண்டு கிழக்கே வந்து, வாடி அடித்துத் தொழில் செய்வதும், மாரி பிறக்குமுன் திரும்பிச் செல்வதும் பல தலைமுறை வழக்கம். இவ்வட்டவணையை எந்த அரசாங்கமும் வகுக்கவில்லை, காற்று வகுத்தது.

இவ்வழக்கம் பகையாக முற்றியதற்கு ஓர் எடுத்துக்காட்டு முல்லைத்தீவுக் கரை. 1984இன் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தோர், தம் முன்னோர் வலை வளைத்த கரைகளில் தெற்கிலிருந்து வந்தோர் நிலைகொண்டிருக்கக் கண்டனர். 2018 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் வீதிக்கு இறங்கினர். வெளிமாவட்டத்தார் உரிய அனுமதியின்றி வருகின்றனர், இரவில் வெளிச்சம் பாய்ச்சித் தொழில் செய்கின்றனர், கடலட்டையை வாரிச் செல்கின்றனர் என்பன அவர்தம் முறைப்பாடுகள். அம்மாதமே நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் வள்ளங்களும் தீக்கிரையாயின.

இத்தகைய செய்தி வரும்போது முற்போக்காளர் எனப்படும் நம்மிடையே இரு விடைகள் ஆயத்தமாயிருக்கும். “கடல் அனைவருக்கும் பொது, உழைப்பாளருள் உள்ளூரான், வெளியூரான் என்ற பேதமேது?” என்பது ஒன்று. “மண்ணின் மைந்தர்க்கே கடல்” என்பது மற்றொன்று. இரண்டும் சிந்திக்கும் சிரமத்தைக் குறைப்பன. ஆதலால் இரண்டையும் சற்று உரசிப் பார்ப்போம்.

கடல் பொதுவானது என்னும் கருத்துக்கு நெடிய மரபு உண்டு. கடலின் வேட்டை உங்களுக்கும் பயணிகளுக்கும் உரிய உணவு என்ற கருத்தைக் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் காண்கிறோம். கரையில் இருப்பவனையும் வழிப்போக்கனையும் ஒரே வசனத்தில் வைத்த அப்பெருமனம் வணங்கத்தக்கது. ஐரோப்பாவில் இக்கொள்கையைச் சட்டமாக வாதித்தவர் ஒல்லாந்தரான ஹியூகோ குரோசியஸ்; அவரது ‘சுதந்திரக் கடல்’ என்னும் நூல் 1609இல் வெளிவந்தது. ஆனால் எவருடைய சுதந்திரத்துக்காக அவர் வாதிட்டார்? கீழைத்தேசக் கடல்களில் போர்த்துக்கேயரின் ஏகபோகத்தை உடைக்க விரும்பிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக. அந்நூல் வெளிவந்து 29 ஆண்டுகளில், 1638இல், மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கடல் எவர்க்கும் சொந்தமன்று என்றோர், காலூன்றியபின் கறுவாவைத் தமக்கே சொந்தமாக்கினர்! நியாயமாகச் சொல்வதானால், மீன் ஒரு வகையில் குறைந்துபோகக் கூடியதே என்று குரோசியசே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். அவரது நாட்டம் கப்பலில் இருந்தது, வலையில் அன்று. அவர் நூலைப் பின்னாளில் மேற்கோள் காட்டியோர்தாம் அந்த ஒரு வரியை மறந்தனர்.

பலம் சமமாயில்லாத இடத்தில் திறந்த கடல் என்பது பெரிய படகின் கடல். பாக்கு நீரிணையைப் பாருங்கள். இரு கரையிலும் ஒரே மொழி. பல இடங்களில் ஒரே கோயில் விழா, ஒரே உறவுமுறை. இனத்தையோ மதத்தையோ காரணம் காட்ட அங்கே வழியில்லை. 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கடலில் கோடு கிழித்தன. 1983 முதல் 2009 வரை யுத்தத்தாலும் கடற்தடைகளாலும் வடபகுதி மீனவர் கரையில் முடங்கிக் கிடக்க, தமிழகத்து இழுவைப் படகுகள் ஆளில்லாக் கடலில் பழகிப்போயின. கடலடியைச் சீப்பினாற் சீவுவதுபோல் வாரிக்கொண்டு செல்லும் இழுவைமடியின் முன் யாழ்ப்பாணத்தானின் சிறு வலை என்ன செய்யும்? அறுந்துபோகும். அவ்வலை அவன் கடன் பட்டு வாங்கியது.

இதில் நம் கவனத்துக்குரிய நுட்பம் ஒன்றுண்டு. இராமேசுவரத்தில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே முன்னர் கடும் மோதல்கள் நிகழ்ந்தன; அவற்றின் விளைவாக வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற முறை ஏற்பட்டது. தம் கரையில் தம்மூர் ஏழையுடன் அப்படகுகள் முறை பேசின. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் முறையில்லை. வடபகுதி மீனவரோ அந்த மூன்று இரவுகளில் வலை விடாது கரையில் காத்திருக்கக் கற்றுக்கொண்டனர். தம்மைக் கேளாமல் வேறொரு நாட்டில் வகுக்கப்பட்ட நாட்காட்டியின்படி பட்டினி கிடப்பவனிடம் சென்று, “கடல் பொது, தோழரே” என்று நாம் சொல்லலாமா?

அப்படியாயின் மற்ற விடை சரியோ? “பிறந்த கரை எனது” என்ற உரிமையை 1990 ஒக்டோபருக்குப் பின் சொல்வதற்குச் சற்று நாக்கூச வேண்டும். அவ்வாண்டு வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் தலைமுறைகளாகக் கடற்றொழில் செய்தோர் அவருள் பலர். புத்தளம், கற்பிட்டிக் கரைகளில் அவர்கள் அகதிகளாயினர். அங்கே ஏற்கெனவே நெருக்கடியாயிருந்த களப்பில் புதிதாய் வலை போட வந்த வெளியூரார் அவர்களே. அடைக்கலம் தந்த ஊராரும் தம் மதத்தினர்தாம் எனினும் மீன் குறைந்தபோது முகம் சுளித்தோர் இல்லாமலில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின்பின் மன்னாருக்கு மீண்டபோது, அவர்தம் துறைகளில் வேறு மீனவர் தொழில் செய்துகொண்டிருந்தனர். புத்தளத்து முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞன் மன்னார்க் கடலில் உள்ளூரானா, வெளியூரானா? பிறப்புப் பதிவேட்டைப் புரட்டி இதற்கு விடை காண இயலாது.

நம் ஊர்களின் கதையும் இதிலிருந்து விலகியதன்று. கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளின் ஆழ்கடல் படகுகள் நாட்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவை; மீன் எங்கே போகிறதோ அங்கே போகின்றவை. இலங்கைப் படகுகள் பிறநாட்டுக் கடல்களில் பிடிபடுவது புதிய செய்தியன்று. சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடியைத் தடுக்கத் தவறியதெனக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்டோபரில் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2016இலேயே அது நீங்கியது. நாம் வெளியூராராய் நிற்கும் கடல் ஒன்று எப்பொழுதும் இருக்கிறது. இடையே ஒரு வார்த்தை: கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேற்றி நினைக்கப்படுகின்ற ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் நாகூரில் அடங்கியவர், நாகூருக்கும் அவர் வடக்கேயிருந்து வந்தவர். கடலோடிகள் தம் காவலரைத் தேர்ந்தபோது பதிவேட்டைக் கேட்கவில்லை.

பொது என்பதும் போதவில்லை, பிறப்பு என்பதும் போதவில்லை. எனில் எதைக்கொண்டு ஒருவன் மற்றவனிடம் “இங்கே வலை போடாதே” என்று சொல்ல முடியும்? இதற்கு விடையை நூல்களில் தேடுமுன் நம் மீனவர் வாயிலுள்ள ஒரு சொல்லிலே தேடலாம். கரைவலை வளைக்கும் இடத்துக்குப் பெயர் பாடு. கிடைக்கும் மீனுக்கும் மீன்பாடு என்றே பெயர். பாடு என்றால் உழைப்பும் துன்பமுமாம். இடமும் பயனும் உழைப்பும் ஒரே சொல்லில் பிணைந்து கிடக்கின்றன. கரைவலைப்பாடு வெறும் மணல் அன்று. இன்னார் வலை இந்த எல்லைக்குள், இன்ன முறைப்படி என்ற ஒழுங்கு அது. ஒரு தோணி வலையை வளைத்துவிட்டு வரும்வரை அடுத்த தோணி காத்திருக்கும். காத்திருப்பவன் முதல்வனைவிடக் குறைந்தவனல்லன். அவன் முறை வரும்.

இவ்வொழுங்கைத் தென்னிலங்கையில் மாவெல்ல என்ற கிராமத்தில் போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் விரிவாக ஆராய்ந்தார். அவரது நூல் 1982இல் வெளிவந்தது. 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், 1990இல் எழுதிய நூலில் அதே கிராமத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். பொதுச் சொத்து என்றாலே அழிவுதான் என 1968இல் காரட் ஹார்டின் எழுதியதற்கு மறுப்பாக எழுந்தது அந்நூல். மக்கள் தாமே விதி வகுத்துக் காத்த பொதுவளங்கள் பல உண்டு என்று அது காட்டியது. ஆனால் மாவெல்ல வெற்றிக் கதையன்று. மீன்பாடு நல்ல இடங்கள் எல்லா வலைக்கும் முறைவைத்துக் கிடைக்கும்படி அங்கே நுணுக்கமான ஏற்பாடு இருந்தது. புதிய வலைகளைக் கட்டுப்படுத்தும் விதியும் இருந்தது. மீன் விலை உயர, அரசியல் செல்வாக்கினால் அவ்விதி செயலற்றுப்போனது. வலைகள் தேவைக்கு மிஞ்சிப் பெருகின. ஒவ்வொருவர் பங்கும் சுருங்கியது. அக்கரையைக் கெடுத்தது ஏட்டிலிருந்த விதியைக் கண்மூடி விட்ட கை.

ஆகவே நாம் கொள்ளும் கருத்து இது: கடலில் உரிமை, முறைக்குக் கட்டுப்படுவதால் பிறக்கிறது. மாரியும் கோடையும் அக்கரையிலேயே கிடந்து, மீன் அற்றுப்போனால் போக்கிடமில்லாதவர்க்கு அம்முறையை வகுப்பதில் முதற் சொல் உண்டு. முறைக்கு உட்பட்டு வருபவனைப் பிறப்பைக் காட்டியோ, மொழியையும் மதத்தையும் காட்டியோ விலக்க அவர்க்கு உரிமையில்லை.

இவ்வளவில் ஓர் ஆட்சேபம் எழும். “உள்ளூராருக்கு முதற் சொல் என்பது வகுப்புவாதத்துக்குப் பின்கதவைத் திறப்பதாகாதா?” ஆகக்கூடும், அபாயம் மெய்யானது. ஆனால் முறை என்பது இரு தரப்பும் ஒருவரையொருவர் மறுத்துப் பேச இயலும் இடத்திலேதான் பிழைக்கும். கொக்கிளாயில் ஒரு தரப்பு இருபத்தைந்து ஆண்டுகள் கரையிலேயே இல்லை. மறுதரப்பின் பின்னே அரசின் பலம் இருந்தது. அவ்விடத்தில் “நீங்களும் வரலாம், அவர்களும் வரலாம்” என்பது நடுநிலையாகாது. 2018இன் போராட்டத்தில் அனுமதி, வெளிச்சம், கடலட்டை என்று பேசிய வாய்கள் முறையைப் பேசின. அவற்றுக்கு நாம் துணை நிற்க வேண்டும். அதே கூட்டத்தில் எவரேனும் சிங்களவன் என்பதையே குற்றமாகச் சொல்லியிருந்தால், அவ்விடத்தில் நம் துணை முடிகிறது. இப்பிரிவினையைச் செய்வது ஊர்வலத்தில் நடந்துகொண்டிருக்கும்போது கடினம் என்பதை அறிவோம்.

கூச்சலை முதலில் எழுப்புவோர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கரைவலையை இழுப்போர் இருபது முப்பது பேர். வலையும் தோணியும் முதலும் ஒருவருடையன. வலைக்குப் பங்கு, தோணிக்குப் பங்கு, கடனுக்குக் கழிவு என்று போக எஞ்சுவதே கயிறு பிடித்தவர்க்கு. தொலைவிலிருந்து வருவோருள்ளும் வாடியில் பாய் விரித்துக் கிடப்பவன் கூலிக்காரன். முதலாளி தன் ஊரில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். இருவர் கைகலக்கும் மணலில், உரியவர் இருவருமே இல்லை.

எதிரி என்று சுட்ட மனிதரே இல்லாத வழக்கும் நம் கரையில் உண்டு. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம் டென்மார்க்குக் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர்கள் கரையோரமாக நகரும் மணலை மறித்தன. ஒருபுறம் துறைமுக வாயிலை மணல் அடைத்தது. மறுபுறம் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது. வாயிலைத் தோண்டினால்தான் படகுக்கு வழி என்றனர் கல்முனைப் பக்கத்துப் படகுக்காரர். தோண்டினால் எம் நிலம் போகும், முதலில் கரையைக் காத்துத் தாருங்கள் என்றனர் ஒலுவில் மக்கள். 2018இல் இச்சச்சரவு முற்றியது. ஒரே மதம், ஒரே மொழி, சில மைல் தூரம். ஆயினும் “நீ யார் எம்மூரில்?” என்ற கேள்வி எழுந்தது. மணலின் போக்கைச் சரிவரக் கணியாது சுவர் எழுப்பியோரிடம் அக்கேள்வி போய்ச் சேரவேயில்லை.

பாக்கு நீரிணைக்குத் திரும்புவோம். 2010 ஆகஸ்டில் வடபகுதி மீனவப் பிரதிநிதிகள் தமிழகம் சென்று அங்குள்ள மீனவருடன் நேரில் பேசினர். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிட வேண்டும். அதுவரை வரையறுத்த எல்லைக்குள் ஆண்டில் 70 நாள் தொழில் செய்யலாம் என்ற இணக்கத்துக்கு வந்தனர். யுத்தத்திலிருந்து எழுந்து ஓராண்டே ஆன மக்கள், தம் வலையை அறுத்தோருக்கு 70 நாள் தர முன்வந்தனர். எல்லைக் கோட்டைப் பற்றி அவர்கள் வாதிட்டிருக்கலாம். மடியைப் பற்றி வாதிட்டனர். இரு அரசாங்கங்களும் அவ்விணக்கத்தைத் தமதாக ஏற்கவில்லை. ஓராண்டு கழிந்தும் இழுவைப் படகுகள் வந்துகொண்டேயிருந்தன.

2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் இராமேசுவரத்துப் படகுக்கும் யாழ்ப்பாணம் குருநகரில் கட்டிக்கிடக்கும் உள்ளூர் இழுவைப் படகுக்கும் ஒன்றே. குருநகரில் அப்படகுகளில் கூலிக்குப் போய்வந்தோர் வேறு வலைக்கு மாற வேண்டுமாயின் வள்ளத்துக்கும் வலைக்கும் யார் முதல் தருவது என்ற கேள்வியை, தடையை வரவேற்ற அதே மூச்சில் எழுப்ப வேண்டியவர்கள் நாம்.