தலைவர் யார்?

தலைமை என்றதும் நாற்காலியையே நினைக்கிறோம். 1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி காமராஜர் கட்சிப் பணிக்காக முதன்மந்திரிப் பதவியைத் துறந்தார். நாற்காலி போயிற்று, தலைமை போகவில்லை.

துறக்க நாற்காலியே இல்லாத நமக்கு இதில் என்ன படிப்பினை? நம் மரக்காணம் உப்பளத்தைப் பாருங்கள். முதலாளி, மேஸ்திரி, உப்பு வாருகிறவர் என்று படிப்படியாக ஆட்கள். சித்திரை வெயிலில் கடைசிப் பாத்தியில் நிற்பவருக்குக் குடிநீர் போயிற்றா என்று முதலில் கேட்பவரே அங்கே தலைவர். அவர் முதலாளியாகவும் இருக்கலாம், கூலிக்காரியாகவும் இருக்கலாம்.

சீடர்களின் பாதங்களைக் கழுவிய நம் ஆண்டவர், தாம் குரு அல்ல என்று சொல்லவில்லை, குருவாகவே குனிந்தார். ஆகையால் ஊழியம் செய்வது பொறுப்பைக் கைவிடுவதன்று. கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்பதும் ஊழியமே.

இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? எப்போதும் தாயாரே என்றால், மற்றவர்கள் இன்னும் தலைமை பழகவில்லை.