முதலில் பச்சைத் தண்ணீர்

சென்னை மெரினா லூப் சாலையில், நொச்சிக்குப்பத்தில், 2024-இல் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். சாலையோரம் பலகை போட்டு விற்ற மீன் கூரைக்குள் போனது. சேலையில் தெறிப்பது மட்டும் நிற்கவில்லை. சூரை மீனை அறுத்தால் கருஞ்சிவப்பாக ரத்தம் கொட்டும். மீன் ஆய்கிறவர் முந்தானையில் ரத்தத்தோடு மீனெண்ணெயும் கவுச்சியும் சேர்ந்தே ஏறுகின்றன. பார்வைக்கு ஒரே கறைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வைத்தியம். எதை முதலில் எடுப்பது என்பதும் முக்கியம்.

ரத்தத்தில்தான் தொடங்க வேண்டும். அது புரதம். வெந்நீர் பட்டால் முட்டையின் வெள்ளைக்கரு போல இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். நல்ல வெந்நீரில் ஊறவைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கைதான் நம் வீடுகளில் பல துணிகளைக் கெடுத்திருக்கிறது. பச்சைத் தண்ணீரில், கறையின் பின்பக்கத்திலிருந்து ஊற்றி அலச வேண்டும். முன்பக்கம் தேய்த்தால் ரத்தம் இழைக்குள் இன்னும் இறங்கும். சென்னையில் இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு: கத்திரி வெயிலில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சுடும். அப்போது குடத்துத் தண்ணீர் மேல். கரையிலேயே இருப்பவர்கள் கடல்நீரில் ஒரு அலசு அலசிவிடலாம். சோப்புக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் சோப்பை நுரைக்கவிடாது.

காய்ந்துபோன ரத்தத்துக்கு என்சைம் கலந்த சலவைத்தூள் உதவும். 1913-இல் ஜெர்மனியின் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையச் சாற்றைத் துணி துவைக்கப் பயன்படுத்தினார். வயிற்றுக்குள் இறைச்சியைச் செரிக்கவைப்பது துணியிலும் அதே வேலையைச் செய்யும் என்பது கணக்கு. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். தூளைப் போட்டவுடன் கசக்கிப் பயனில்லை, அரைமணி நேரமாவது ஊறட்டும். பட்டுக்கு இது ஆகாது. பட்டும் புரதம்தானே.

ரத்தம் போன பிறகுதான் எண்ணெய். மத்தி மாதிரி கொழுப்பு மீனின் எண்ணெய் காற்றுபட்டு மெல்ல மாறும். துவைத்து மடித்து வைத்த சேலையில் சில வாரம் கழித்து மஞ்சள் திட்டு தெரிவது அதனால்தான். சீக்கிரம் காய்கிறது என்று கட்டும் பாலியஸ்டர் சேலை, பருத்தியைவிட எண்ணெயை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கறைமேல் தடவி, கொஞ்சம் பொறுத்து, துணி தாங்கும் சூட்டில் வெந்நீர் விடலாம். முதலில் விலக்கிய சூடு இங்கே உதவிக்கு வருகிறது.

இவை தவிர வேறு கறைகளும் உண்டு. குழம்பு மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சோப்பு பட்டதும் சிவப்பாவது மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தோடு சேர்வதால். அலசி வெயிலில் போட்டால் ஒளியே அதைச் சிதைக்கும். தூண்டில் முள் துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் போதும். ப்ளீச் ஊற்றினால் துரு இன்னும் அழுத்தமாகப் படியும். ப்ளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். குளியலறை மாதிரி அடைத்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

கறை போன பின்னும் கவுச்சி நிற்கும். அதற்குப் பெரும்பாலும் காரணம் டிரைமெத்திலமைன் என்ற காரப்பொருள். கடைசி அலசலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால், அமிலத்தோடு சேர்ந்து அது ஆவியாகாமல் தண்ணீரோடு போய்விடும். கடைசியாகக் கடம்பா (கணவாய்) மை. அது நுண்ணிய மெலனின் துகள், தண்ணீரில் கரையாது. ஈரமாக இருக்கையில் சலவைத்தூளோடு அலசினால் ஓரளவு போகும். காய்ந்துவிட்டால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கடம்பா ஆயும் நாளில் கறுப்பாக எதையாவது கட்டிக்கொள்வதே நல்லது.