உரிமையும் உரிப்பொருளும்

உரிமை என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று பட்டாவிலும் பத்திரத்திலும் தெரியும் முகம்: "இந்த நிலம் எனக்கு உரியது." மற்றொன்று உறவிலே தெரியும் முகம்: "நான் அவளுக்கு உரியவன்." முதலாவது உடைமையைப் பேசுகிறது, இரண்டாவது பிணைப்பைப் பேசுகிறது. ஒரு மலையைப் பார்த்து, "இது யாருக்கு உரியது?" என்று கேட்கும்போது எந்த முகத்தை நோக்கிக் கேட்கிறோம்? பட்டா வைத்திருப்பவனுக்கா, அதிலே வாழ்பவனுக்கா, அதைப் பாடியவனுக்கா?

ஏட்டுக் கேள்வி அன்று இது. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. பெயரிலேயே மணம் வீசும் ஊர். அங்கே பளியர் வாழ்கிறார்கள். தேனும் கிழங்கும் கடுக்காயும் தேடி அந்த மலையை அடிக்கு அடி அறிந்த மக்கள். 1960களில் பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் தென்தமிழகத்துப் பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். ஒருவரை ஒருவர் அடக்கி ஆளாத, சண்டை மூண்டால் ஒதுங்கிப்போகிற சமுதாயம் அது என்று எழுதினார். ஒதுங்கிப் போகிறவனுக்கு உலகம் என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். அவன் ஒதுங்கிய இடத்தையும் அளந்து எடுத்துக்கொள்ளும்.

இந்த மக்களின் வாழ்வுக்கும் நாம் வகுப்பறையில் நடத்துகிற ஐந்திணைக்கும் என்ன தொடர்பு? மாணவன் கேட்க மாட்டான், தேர்வில் வராது. நாமே கேட்டுக்கொள்வோம்.

தொல்காப்பியம் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்திலே பிறப்பன கருப்பொருள்: உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் இவற்றோடு தெய்வமும் அந்தப் பட்டியலிலே நிற்கிறது. கவனியுங்கள் தோழர்களே! தெய்வம் நிலத்தைப் படைத்தது என்று இலக்கணம் சொல்லவில்லை. பறையையும் உணவையும் போல நிலத்தின் கருவாகவே தெய்வத்தையும் வைத்தது. அதைப் போற்றுவோர் இந்த ஒரு செய்தியை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவது ஏனோ! அது நிற்க. மூன்றாவதாகிய உரிப்பொருளே நமக்கு இங்கு வேண்டுவது. புணர்தல், பிரிதல், இருத்தல் என்று மக்களின் நெஞ்ச நிகழ்ச்சியை அது குறித்தது. நிலத்துக்கு 'உரிய' பொருள் மனித நெஞ்சம். மனிதனைப் பெயர்த்து எடுத்துவிட்டால் குறிஞ்சி, குறிஞ்சி அன்று. வெறும் மரமும் கல்லும்.

கபிலர் இதை அறிந்தவர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்று பழங்குறிப்புச் சொல்லும் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை அடுக்குகிறார். செண்பகமும் அவற்றுள் ஒன்று. வெறும் தாவர அட்டவணை அன்று அது. தினைப்புனம் காக்கும் பெண்கள் பறித்துப் பாறையிலே குவித்த பூக்கள் அவை. பெயர் தெரிந்த பூ, கை பட்ட பூ. இயற்கை அங்கே காட்சிப் பொருளாக இல்லை. உழைப்பின் அண்டை வீடாக இருக்கிறது.

ஆண்டாளையும் ஒரு சொல் நினைப்போம். பக்தியைப் பக்தரிடம் விட்டுவிடுவோம். தன் வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாக்கித் தன்னை அங்கே ஒரு பெண்ணாக வைத்த கற்பனை, பாட்டால் ஒருவர் தமக்கு வேண்டிய ஊரைக் கட்டிக்கொள்ள முடியும் என்று காட்டுகிறது. முடியும். ஆனால் அந்த ஊருக்குக் கண்ணுக்கு எட்டும் மலையிலிருந்து ஒரு மக்கள் கூட்டம் இறக்கப்பட்டால், பாட்டு அதைத் தடுக்குமா?

சிலப்பதிகாரம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. பாண்டியன் அவையிலே நீதி இடறிற்று, நகரம் எரிந்தது, ஒரு மார்பை இழந்த கண்ணகி மேற்கே மலைக்கு வந்து வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். அவளை முதலில் கண்டவர்கள் யார்? அறங்கூறவையத்தாரா? இல்லை, குன்றக்குறவர்கள். அவளைப் போற்றிக் குரவை ஆடியவர்களும் அவர்களே. அநீதியின் சாட்சியை மலை மக்களிடம் ஒப்படைத்தார் இளங்கோ. பெரிய செயல் அது. ஆயினும் அடுத்து நடப்பதைப் பாருங்கள். மலைப்பொருள்களைச் சுமந்து வந்து செங்குட்டுவனிடம் கண்டதைச் சொல்கிறார்கள். பிறகு வஞ்சிக் காண்டம் அரசனுடையதாகிவிடுகிறது: படை, இமயம், கல், கனகவிசயர் முடி. முதலில் கண்டவர்கள் கதையிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறார்கள். காப்பியத்தை நேசிக்கிற நாம் இந்தக் குறையையும் கூறத்தான் வேண்டும்.

அதே இளங்கோ, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் முறைமை கெட்டுப் பாலையாகும் என்றும் சொன்னார். முறைமை என்ற சொல்லை நீதிக்கும் பயன்படுத்துகிறோம், நிலத்துக்கும் பயன்படுத்துகிறோம். ஒன்று கெட்டால் மற்றொன்றும் கெடும் என்ற அறிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

இனிக் குறவஞ்சிக்கு வருவோம். செண்பகத்தோப்பின் மலைத்தொடரே தெற்கே போய்க் குற்றாலமாக நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி மேடைக்கு வந்து தன் மலையின் வளத்தைச் சொல்லும் இடம் தமிழ் நாடகத்தின் உச்சங்களுள் ஒன்று. "எங்கள் மலை" என்று அவள் நிமிர்ந்து சொல்கிறாள். கேட்டு மகிழாத தமிழன் இல்லை. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாதர் மகிழ்ந்து நிலம் மானியமாகக் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். நிலம் கவிராயருக்கு! மேடையிலே மலையை உரிமை கொண்டாடியவள் குறத்தி; மேடைக்கு வெளியே நிலம் பெற்றவர் புலவர். புலவர் மீது பழி இல்லை. ஆனால் கைதட்டல் ஒரு திசையிலும் நிலம் மறு திசையிலும் போகும் வழக்கம் நமக்கு எவ்வளவு இயல்பாகிவிட்டது!

அதற்குப் பின் வந்தது இன்னும் கொடியது. 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பலர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதியப்பட்டனர். நாடகத்தின் குறத்தியும் பதிவேட்டின் குறவரும் இன்றைய பளியரும் ஒரே மக்கள் என்று நாம் சாதிக்கவில்லை. வேறு வேறு வரலாறு உடையவர்கள். ஆனால் அந்த நாடகத்தை ரசித்த சமுதாயமே அந்தப் பதிவேட்டையும் சகித்துக்கொண்டது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கும் வரை, இரண்டும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நடந்தன.

"கவிஞன் வேலை அழகு, நீதி வழக்கறிஞன் வேலை" என்பார் உண்டு. ஏற்க இயலவில்லை. பாட்டு ஒரு குரலோடு நின்றுவிடலாம். நாடகம் அப்படி நிற்க முடியாது. ஒருவன் பேசினால் எதிரே நிற்பவன் மறுமொழி சொல்லியாக வேண்டும். அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' இந்த வலிமையைப் புரிந்துகொண்ட நாடகம். இராவணனை மறுவிசாரணைக்கு நிறுத்தி, கம்பர் எதிரே அவன் வாதாட வழி செய்தது. பாவேந்தரின் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' மலைச்சாரலையே மூடநம்பிக்கைக்கு எதிரான மேடையாக்கியது. பெருமைதான். ஆனால் அங்கும் வழக்கு சமவெளியின் வழக்கு. மலைவாழ்வோர் வாதியாக வந்து நிற்கும் நாடகம் நம் மேடையில் அரிதிலும் அரிது.

வந்தால் வழக்கு எளிதாக இருக்காது. 1988இல் இந்தக் காடு நரை அணிலுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021இல் மேகமலையோடு இணைந்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமும் ஆயிற்று. இதை எள்ளுவது பகுத்தறிவு ஆகாது. மரத்துக்கு மரம் தாவி வாழும் அந்த அணிலுக்குக் கிளைகள் கோத்த காடு வேண்டும். அது மனுக் கொடுக்காது, வாக்களிக்காது. அதற்காக யாரேனும் பேசத்தான் வேண்டும். நம் கேள்வி வேறு. காட்டிலிருந்து மிகக் குறைவாக எடுத்தவனிடம் மிக அதிகமான தியாகத்தை ஏன் முதலில் கேட்கிறோம்? 1882இன் சென்னை வனச்சட்டம் காட்டை அரசின் உடைமையாகக் கண்டது. மரத்துக்கு விலை வைத்துக் கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் வெட்டிய ஆட்சியின் சட்டம் அது. கிழங்கு அகழ்ந்தவன் அதிலே அத்துமீறியவன் ஆனான்.

2006இல் வந்த வன உரிமைச் சட்டம், பழங்குடிக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. 2005 டிசம்பர் 13க்கு முன்பே காட்டில் வாழ்ந்து அதனைச் சார்ந்திருந்த பழங்குடியினருக்கு உரிமை கோரும் வழி திறந்தது. தேன் போன்ற சிறு வனப்பொருள்களின் மீதும் உரிமை சொன்னது. காகிதம் இல்லாதவன் எப்படி மெய்ப்பிப்பான்? இங்கேதான் இலக்கிய மாணவன் நிமிர்ந்து உட்கார வேண்டும். மூத்தோர் வாய்மொழியை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்று என்கின்றன 2008இன் விதிகள். இந்தப் பாறையில் தேன் எடுத்தோம், இந்த ஓடைக்கு இன்ன பெயர், இந்தக் குழியில் பாட்டனைப் புதைத்தோம் என்று ஒரு முதியவள் சொல்வது சட்டத்தின் முன் செல்லும்.

அகப்பாட்டின் தலையிலே 'தலைவி கூற்று' என்று எழுதிப் படித்தவர்கள் நாம். செண்பகத்தோப்பில் அந்தக் கூற்றைச் சொல்லக் கூடிய மூத்தோர் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். கோடை விடுமுறை ஆறு வாரம் இருக்கிறது. கிராம சபைக் கூட்டத்தில் தாளும் எழுதுகோலும் எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லை அவர்கள் சொல்லாகவே எழுதித் தரத் தெரிந்த இளைஞர்கள், ஊருக்கு நான்கு பேர் இருந்தால் போதும்.