பழைய இயந்திரமும் நன்றியுணர்வும்

பழுதடைந்த பழம்பொருளைத் தேடிப் பெற்று, செப்பனிட்டுப் பாதுகாப்பது நற்செயலா, அல்லது பொருட்பற்றின் மற்றொரு வடிவமா? துறவைப் போற்றும் மரபில் வளர்ந்தவர் உள்ளத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே.

அமெரிக்காவில் சிலர் இப்பணியைப் பேரார்வத்துடன் செய்கின்றனர். மட்டையும் பந்தும் கொண்டு அந்நாட்டினர் ஆடும் விளையாட்டு பேஸ்பால். அதை ஒரு பெட்டிக்குள் அடக்கி, நாணயம் இட்டு ஆடும் இயந்திரங்களாகச் சிகாகோவின் வில்லியம்ஸ் போன்ற நிறுவனங்கள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தயாரித்தன. சிறிய எஃகுக் குண்டு உருண்டு வரும். தக்க தருணத்தில் பொத்தானை அழுத்தினால் மட்டை சுழன்று அதை அடிக்கும். அடி நன்கு அமைந்தால், சில இயந்திரங்களில் ஓட்டக்காரப் பொம்மைகள் மைதானத்தைச் சுற்றி வரும். அவற்றில் கணிப்பொறி ஏதுமில்லை. மின்காந்தச் சுருள்களும் தொடுமுனைகளுமே ஆட்டத்தை நடத்தின. இன்று அவற்றைச் சேகரிப்போர், கறுத்துப்போன தொடுமுனைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, எரிந்த சுருளை மாற்றி, உதிர்ந்த வண்ணத்தைத் தீட்டி மீண்டும் இயங்கச் செய்கின்றனர்.

சுருளும் வண்ணமும் மாறிய பின்னும் அது அதே இயந்திரம்தானா? மிலிந்த மன்னனிடம் நாகசேனர் ஏறத்தாழ இத்தகைய கேள்வியையே எழுப்பினார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? தனியுறுப்பு எதுவும் தேரன்று. அவை கூடியபோது வழங்கும் பெயரே தேர். இதனை மேலும் சிந்தித்தால், அக்கூட்டில் இயக்கும் கைக்கும் இடமுண்டு என்பது புலனாகும். உறுப்புகள் யாவும் சீராக அமைந்தும், உரிமையாளரின் பெருமைக்காகப் பூட்டிய அறையில் நிற்கும் இயந்திரம் முழுமை பெற்றதாகாது. ஒரு சிறுவன் வந்து பொத்தானை அழுத்தும்போதே அது மீண்டும் தானாகிறது.

விளையாட்டுப் பெட்டியில் தோன்றிய இக்கேள்வி, கோலார் தங்கவயலில் உயிரைத் தொடும் கேள்வியாகிறது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு சுரங்கப் பணியை மேற்கொண்டது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது.

அந்த ஆழத்திற்குத் தொழிலாளரை இறக்கி ஏற்றியவை வைண்டிங் இயந்திரங்கள். மாபெரும் உருளையில் எஃகு வடம் சுற்றும்; வடத்தின் நுனியில் ஆட்கள் நிற்கும் கூண்டு தொங்கும். இயக்குபவர் கூண்டைக் காண்பதில்லை. மணியோசையைக் கேட்டும், ஆழங்காட்டும் முள்ளை நோக்கியும் அதைச் செலுத்துவார். இருளில் நிற்பவர்களும் அவர் முகத்தைக் காண்பதில்லை. ஒருவரையொருவர் காணாதவர்களை இணைத்தது அவ்வடம் மட்டுமன்று, நம்பிக்கையும்தான்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இத்தகைய இயந்திரத்தின் துருவை நீக்கலாம், எண்ணெயிட்டுப் பளபளப்பாக்கலாம், காட்சிக்கும் வைக்கலாம். ஆனால் பாறை வெடிப்பில் மாண்டவர்களையும், கல்தூசியால் நுரையீரல் நலிந்தவர்களையும், வேலையிழந்து அதிகாலை ரயிலில் பெங்களூருக்குப் பிழைக்கச் சென்றவர்களையும் மறந்துவிட்டு, எஃகை மட்டும் துடைத்தால் அதற்கு நன்றி என்று பெயரிட இயலுமா? இரும்புக்குக் காட்டும் பரிவு அதை இயக்கிய மனிதருக்கு மறுக்கப்படுமாயின், அங்கே எஞ்சுவது உடைமையுணர்ச்சியே. பற்று என்று சான்றோர் எச்சரித்தது இதைத்தான். பொருளைப் பேணுவது குற்றமன்று. பொருளின் பின்னே நிற்கும் மனிதனைக் காணாதிருப்பதே குற்றம்.

ஆயுத பூஜையன்று கருவிகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மறுநாள் அவை உழைப்பவர் கைக்கே திரும்புகின்றன. இனி உழைக்க இயலாத இயந்திரமும் திரும்ப வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதை அறிந்த முதிய தொழிலாளி அருகில் நின்று, மணியோசை ஒவ்வொன்றின் பொருளையும் தம் பேரனுக்கு விளக்க வாய்ப்பளிப்போமாயின், துடைத்த கைகளின் உழைப்பு வழிபாடாகும்.