வேலி முள்ளும் வினைப் பயனும்

2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர்களிலே, வேலி கழிப்போர் சீமைக்கருவேல் முள்ளைத் தடத்திலேயே விடுத்தேகுதல் உண்டு. பச்சை முள் வளையும். உலர்ந்ததோ ஆணியை யொக்கும். அது மிதிவண்டியின் டயரையும் டியூபையும் ஊடுருவித் தானே அடைப்பாகவும் நிற்றலின், காற்றுச் சிறிது சிறிதாகக் கழிந்து, ஊர்ந்தோன் ஒன்றிரண்டு கல் கடந்த பின்னரே தடைப்படுவன். அரசினர் விலையின்றி வழங்கிய வண்டியிற் பள்ளிக்கேகும் மாணாக்கர் அதனை உருட்டி நடப்பர். கழித்தவனை அவர் அறியார். அவரை அவனும் அறியான்.

ஊர்ந்தோன் நுகர்ந்தது தன் பிராரத்தமே, முள் அதற்கு வாயில் மாத்திரையே, ஆகலிற் கழித்தவனுக்குக் குற்றம் என்னையெனச் சைவருள்ளும் சிலர் வினவுவர். அற்றன்று. வினைப்பயன் ஊட்டுவான் இறைவன் ஒருவனே. அவ்வதிகாரம் வேலி கழிப்பானுக்கு இல்லை. ஒரு செயலே ஒருவற்குப் பிராரத்தமாய்க் கழிதலும், மற்றொருவற்கு ஆகாமியமாய் ஏறுதலும் தம்முள் முரணா.

கருதிச் செய்திலனே யெனின், மனத்தான் ஆம் வினை அவன்பால் இன்றென்பது ஒக்கும். ஆயினும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், உயிர்கட்கு நலம் புரியாதொழிதலையே அகிதத்தின்பாற் படுத்தினார்; தீங்கெண்ணுதல் வேண்டுமென்றிலர். ஈண்டு ஒழிந்த நலம் யாதெனின், கழித்த முள்ளை வாரி ஓரிடத்துக் குவித்தல். அதற்கு ஒரு நாழிகையும் வேண்டா.