விட்டுப்போன சொல்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் கோடைப் பூங்காவை 1704-இல் முதலாம் பீட்டர் மன்னர் தொடங்கினார். வெனிஸ் சிற்பிகள் செதுக்கிய பளிங்குச் சிலைகள் அங்கே வந்து நின்றன. வடக்கின் குளிர் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்து பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளந்தது. நகரப் புகையின் கந்தகம் பளிங்கின் மேல்பரப்பை ஜிப்சமாக்கி உதிர வைத்தது. குளிர்காலம் வந்தால் சிலைகளை மரப்பெட்டிகளால் மூடிக் காத்தார்கள். 1941-இல் போர் நெருங்கியபோது பூங்காவிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். நகரைச் சூழ்ந்த முற்றுகை முடிந்தபின் மண்ணிலிருந்து எடுத்து மீண்டும் நிறுத்தினார்கள். 2012-இல் பூங்கா புதுப்பொலிவுடன் திறந்தபோது, மூலச் சிலைகள் மிகைலோவ்ஸ்கி கோட்டையின் கூரைக்கடியில் இருந்தன. பிரதிகள்தாம் இன்று பூங்காவில் நிற்கின்றன.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த சிலையின் மூக்கு உடைந்திருந்தால், புதிதாக ஒன்றைச் செதுக்கி ஒட்டிவிடலாமே என்று கை துடிக்கும். ஆனால் அது யாருடைய மூக்கு? பழைய படமோ அச்சோ இல்லையென்றால், அது நம் கற்பனையின் மூக்கு. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது நினைவுச்சின்னங்களைச் சீரமைப்பதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். அழுக்கை எடுக்கலாம், விரிசலை அடைக்கலாம், தளர்ந்ததைத் தாங்கிப் பிடிக்கலாம். இல்லாததை இட்டுக்கட்டக் கூடாது.

இந்த விதியின் பொருள் எனக்கு வீட்டில்தான் விளங்கியது. பக்கவாதம் வந்தபின் அப்பாவின் சொற்கள் பாதியில் அறுந்தன. அவர் தடுமாறும் முன்பே நான் முடித்துவிடுவேன். பாசம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் வெளியூரிலிருந்து வந்து அவர் அருகில் உட்கார்ந்தேன். “சா… சா…” என்றார். சாவியா என்றேன். சால்வையை எடுத்துப் போர்த்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் நானும் பேசவில்லை. கையைப் பிடித்தபடி காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தது அந்தச் சொல்.

“சாப்…பிட்டியா?”

அத்தனை நாளும் அவர் வாயில் நான் வைத்த சொற்களில் அவர் இல்லை. நான் மட்டுமே இருந்தேன். ‘பழையபடி ஆக வேண்டும்’ என்ற என் ஆசை, எதிரில் இருந்தவரையே மறைத்திருந்தது.

அப்பாவின் பேச்சில் இன்றும் பல இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றை நான் நிரப்புவதில்லை. வாயோரம் துடைத்துவிடுகிறேன், தோளைத் தாங்கிக்கொள்கிறேன், காத்திருக்கிறேன்.