ஒரே வெட்டு

வெள்ளரிக்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டம். கத்தியைச் சற்றுச் சாய்த்தால் நீள்வட்டம். நெடுக்காகப் பிளந்தாலோ முனை மழுங்கிய நீளத் துண்டு. காய் ஒன்றுதான், மாறியது கத்தி போன வழி. சுமார் கி.மு. 200-ல் வாழ்ந்த கிரேக்க கணித மேதை அப்பல்லோனியஸ் கூம்பு ஒன்றை வைத்துக்கொண்டு இந்தச் சமாசாரத்தை எட்டுப் புத்தகங்களாக எழுதினார். வெட்டுகிற கோணத்துக்கு ஏற்ப ஒரே கூம்பு வட்டமும் தரும், நீள்வட்டமும் தரும், பரவளையமும் அதிபரவளையமும் தரும்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் ஒரு கவலை உண்டு. பிறரை நாம் அறிவதெல்லாம் வெட்டுமுகங்களாகத்தானே? ரயில்வே ஸ்டேஷனில் ஒருவர் பேசிய கூலியைக் குறைத்துக் கொடுத்துப் போர்ட்டரிடம் சீறுகிறார். பார்த்தது பொய்யல்ல. வட்டம் வட்டம்தான். ஆனால் கோளத்தை வெட்டினாலும் வட்டம். உருளையையோ கூம்பையோ அடிக்கு இணையாக வெட்டினாலும் வட்டம். வட்டத்தை மட்டும் கண்டவர் முழுப் பொருளையும் எப்படிச் சொல்வது?

நாமோ சொல்லிவிடுகிறோம். கண்ட துண்டைச் சுழற்றி ஓர் ஆளையே உருவாக்கிவிடுகிறோம்! அந்தச் சுழற்சியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 3 அங்குலமும் 4 அங்குலமுமாக ஒரு முக்கோண அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 4 அங்குலப் பக்கத்தை அச்சாக வைத்துச் சுழற்றினால் ஒடுங்கி உயர்ந்த கூம்பு. 3 அங்குலப் பக்கத்தை அச்சாக்கினால் குட்டையாய் அகன்ற கூம்பு. முன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு கனஅளவு அதிகம். அட்டை ஒன்றே, அச்சைத் தேர்ந்தெடுத்தவர் நாம். பிடிக்காதவரின் கோபத்தை வெறுப்பு என்னும் அச்சில் சுழற்றினால் அவர் கொடியவர். அதே கோபம் நம் பிள்ளைக்கு வந்தால், பாசம் அச்சாகி, அவன் ரோஷக்காரன்.

அப்படியானால் யாரையும் குறை சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். கூலியைக் குறைத்தவர் வீட்டில் உத்தமர் என்பதனால் போர்ட்டரின் வயிறு நிறையாது. செயலுக்குத் தீர்ப்பு அங்கேயே, அப்போதே உண்டு. ஆளுக்குத் தீர்ப்பு எழுதுவதற்குத்தான் அவசரப்படக் கூடாது. அதற்கு இன்னும் சில வெட்டுகள் வேண்டும்; வேறு நாளில், வேறு கோணத்தில்.

எப்படி வெட்டினாலும் வட்டமே தருவது கோளம் ஒன்றுதான். அப்படிப்பட்ட மனிதர்கள் அபூர்வம். நாம் அந்த ரகமல்ல என்பது நமக்கே தெரியும். நம்முடைய மிக மோசமான ஒரு நிமிஷத்தை வைத்து நம்மை அளந்தால் சம்மதிப்போமா? மாட்டோம் என்றால், அந்தச் சலுகையை அடுத்தவருக்கும் கொடுப்பதுதான் நியாயம்.